ஒத்துழைப்பு: ஒரு பதாகையில் கண்ட சொல்

திருகோணமலை நகரில் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் நீளமாக ஒரு பதாகை கட்டியிருந்தார்கள்: ‘சர்வதேச ஒத்துழைப்பினூடாகப் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகளை மேம்படுத்தல்’. பக்கத்துக் கதிரையில் நிலாவெளிப் பக்கத்துக் கரைவலைக்காரர் ஒருவர் இருந்தார். எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்: “தம்பி, இண்டைக்கு நிவாரணம் ஏதும் தாறாங்களோ?”

முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் ஐயா கேட்டதில் பிழை இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறிய பிறகு மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில் ‘சர்வதேச’ என்று தொடங்கும் பலகை வந்தால், பின்னாலேயே கூடாரமோ தண்ணீர்த் தாங்கியோ படகோ வரும். சொல்லுக்குப் பொருளை அவர் அகராதியிலா தேடுவார்? ஆனால் அந்தப் பதாகையில் உதவி என்ற சொல்லே இல்லை. இருந்தது ஒத்துழைப்பு.

ஒத்து, உழைப்பு என்று இரண்டாகப் பிரியும். ஒத்தல் என்றால் பொருந்துதல், இசைதல். நாதஸ்வரத்தோடு ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழலுக்கும் ‘ஒத்து’ என்றுதான் பெயர். உழைப்பு நமக்குத் தெரிந்ததுதான், பாடுபடுதல். ஆங்கிலத்துக் ‘கோ-ஒப்பரேஷன்’ லத்தீனில் ‘சேர்ந்து வேலை செய்தல்’ என்ற பொருளில் பிறந்தது. அதனால் இந்தத் தமிழாக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நல்ல ஆக்கம்.

இலங்கைத் தமிழில் உழைப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. “மகன் கட்டாரில உழைக்கிறான்” என்றால் அங்கே சம்பாதிக்கிறான் என்று அர்த்தம். “மாசம் எவ்வளவு உழைப்பு?” என்று கேட்டால் வருமானத்தைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு இதை விளக்க எனக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போனது. ஆகவே எங்கள் காதில் ஒத்துழைப்பு என்றால் சேர்ந்து பாடுபடுவதும், அதில் வந்ததைச் சேர்ந்து எடுப்பதும்.

கரைவலையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விடுவார்கள். அதன் இரண்டு கயிறுகளும் கரைக்கு வரும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம் நின்று இழுக்கும். ஒரு பக்கம் வேகமாக இழுத்து மற்றப் பக்கம் சுணங்கினால் வலை கோணிப்போகும், மடிக்குள் வரவேண்டிய மீன் வெளியே போய்விடும். இழுக்கிறவர்கள் எல்லாருக்கும் பலம் ஒன்றாக இராது. கிழவரும் பிடிப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியனும் பிடிப்பான். ஆனால் எல்லாரும் ஒத்து இழுக்க வேண்டும். முடிவில் ஒவ்வொருவருக்கும் பங்கு. அந்தப் பங்கை யாரும் நிவாரணம் என்று சொல்வதில்லை.

சரி, ‘கூட்டுறவு’ என்று போடலாமே என்று கேட்கலாம். சில மொழிபெயர்ப்புகளில் அப்படியும் இருக்கிறது. ஆனால் இங்கே கூட்டுறவு என்றதும் நினைவுக்கு வருவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் சங்கக்கடையும், சீனிக்கு நின்ற வரிசையும்தான். அந்தச் சொல்லைக் கடை எடுத்துக்கொண்டுவிட்டது. ஒத்துழைப்பின் எதிர்ச்சொல்லான ‘ஒத்துழையாமை’தான் நம்மில் பலருக்கு முதலில் அறிமுகம். 1920இல் காந்தி தொடங்கிய இயக்கத்தைப் பற்றிய பாடத்தில் மனப்பாடம் செய்தது.

இனி இந்தச் சொல் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1945இல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்தின் 55, 56ஆம் உறுப்புரைகள், வாழ்க்கைத் தரமும் மனித உரிமையும் உயர, உறுப்பு நாடுகள் சேர்ந்தும் தனித்தும் செயற்பட வேண்டும் என்கின்றன. 1948இன் மனித உரிமைப் பிரகடனத்தில் 22ஆம் உறுப்புரை, இந்த மூவகை உரிமைகளும் ஒரு நாட்டின் சொந்த முயற்சியாலும் நாடுகளின் ஒத்துழைப்பாலும் கிடைக்க வேண்டியவை என்கிறது. இவற்றுக்கென்றே ஓர் உடன்படிக்கை 1966 டிசம்பர் 16ஆம் திகதி நிறைவேறி, 1976 ஜனவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் சேர்ந்தது 1980 ஜூன் 11ஆம் திகதி.

அந்த உடன்படிக்கையின் 2ஆம் உறுப்புரையில்தான் நமக்குத் தேவையான நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தானாகவும், ‘சர்வதேச உதவியாலும் ஒத்துழைப்பாலும்’, கையிலிருக்கும் வளத்தின் உச்ச அளவுக்கு, இந்த உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும். உதவி ஒன்று, ஒத்துழைப்பு வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. உதவியில் கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. ஒத்துழைப்பில் கயிறு ஒன்று. நாம் மொழிபெயர்க்கும்போதும் கூட்டங்களில் பேசும்போதும் இரண்டையும் உதவி என்ற ஒன்றுக்குள் போட்டுவிடுகிறோம். அப்புறம் உதவி நிவாரணமாகி, நிவாரணம் ‘சாமான்’ ஆகிவிடுகிறது. ஐயாவின் கேள்வி வந்த வழி இதுதான்.

கயிறு எப்போதும் ஒத்து இழுக்கப்படுகிறதா என்றால், இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. பொதுச்சபை வைத்தது 1970இல். அதை எட்டிய நாடுகளை எண்ணக் கைவிரல்கள் போதும். ஒத்துழைப்பது கடமையா, விருப்பமா என்ற வாதமும் அன்றிலிருந்து ஓயவில்லை.

இன்னொரு பக்கம், நம்முடைய பத்திரிகைகளில் ‘ஒத்துழைப்பு’ என்று வந்தால் பாதி நேரம் அது திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய செய்தி. பிரித்தானியர் காலத்துத் தாங்கிகள், மொத்தம் 99. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி இந்திய அரசு எண்ணெய்க் கம்பெனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. சிறு படகுகளின் இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். தாங்கிகளைப் பார்த்தபடியே படகைக் கரையில் இழுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. இரண்டு அரசுகள் வியாபாரம் பேசுவதற்கும், ஒரு மீனவரின் பிழைப்புரிமைக்காக நாடுகள் கைகோப்பதற்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

‘சர்வதேச’ என்பது வடமொழி. சர்வ என்றால் எல்லாம். ஆனால் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லில் எல்லாம் என்ற பொருள் இல்லை, நாடுகளுக்கு இடையில் என்பதுதான் பொருள். அந்தச் சொல்லை 1780களில் உருவாக்கியவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம். தமிழில் ‘பன்னாட்டு’ என்றும் எழுதலாம், ஆனால் தமிழ்நாட்டில் அது பன்னாட்டுக் கம்பெனிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நாடுகளிடை ஒத்துழைப்பு’ என்பதே சரியான நிகர் என்பது என் கட்சி. சர்வதேசம் என்று சொல்லிச் சொல்லி, அது எங்கோ வானத்தில் இருக்கும் ஓர் ஆள் போல ஆகிவிட்டது. “சர்வதேசம் பாத்துக்கொண்டிருக்கு” என்று எத்தனை தரம் கேட்டிருப்போம்!

உரிமை பழைய சொல். ‘வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்’ என்கிறது 518ஆம் குறள். அங்கே உரிமைக்குத் தகுதி என்று பொருள். ‘உரி’ என்ற அடியிலிருந்து உரிய, உரியவர், உரித்து என்று ஒரு குடும்பமே வருகிறது. ஒருவருக்குச் சேரவேண்டியது எதுவோ அது உரிமை. அதைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி இந்தச் சொல்லில் இல்லை. இதை எங்கள் மாவட்டத்துச் சனத்துக்கு விளக்கக் காணியை எடுத்தால் போதும். பெர்மிட் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே எந்த வீட்டிலும் தெரியும். பெர்மிட் அனுமதி, தந்தவர் திருப்பி எடுக்கலாம். உறுதி என்பது சொந்தக் காணிக்கான பத்திரம், அது அப்படியல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவு, உடை, வீடு என்று அரசுக்கு வழிகாட்டுகிறது. 29ஆம் உறுப்புரையோ அதை வைத்து நீதிமன்றம் போகமுடியாது என்கிறது. பெர்மிட் மாதிரித்தான்.

மிச்சச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொருளாதாரத்துக்குப் ‘பொருளியல்’ என்றும், வடக்கு கிழக்கில் ஒரு காலத்தில் ‘பொருண்மியம்’ என்றும் எழுதினார்கள். நாம் கலாசாரம் என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டில் ஒரு ‘ச்’ கூட. இரண்டையும் விடப் பண்பாடு நல்லது. நிலத்தைப் பண்படுத்துவது போல மனிதரும் பண்படுவது அதில் இருக்கிறது. லத்தீனில் ‘கல்ச்சர்’ பிறந்ததும் உழவிலிருந்துதான். ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று கலித்தொகை சொல்கிறது. அந்தப் பாடு வேறு, கரையில் வலை போடும் இடத்தைச் சொல்லும் கரைவலைப் பாடு வேறு. ஆனாலும் யாருடைய பாட்டில் யார் வலை போடலாம் என்று அறிந்து நடப்பவரும் பண்பாளர்தானே.

கவனமாகக் கையாள வேண்டியது ‘சமூக’. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இந்த மாவட்டத்தில் ‘சமூக உரிமை’ என்று பலகையில் போட்டால், “எந்தச் சமூகத்துக்கு?” என்று கேட்பார்கள். உடன்படிக்கை சொல்வது சமூகப் பாதுகாப்பு, குடும்பம், வீடு, சுகாதாரம் போன்றவை, யாராக இருந்தாலும். ‘சமூக வாழ்வு உரிமை’ என்று ஒரு சொல்லைக் கூட்டினால் குழப்பம் குறையும். ‘மேம்படுத்தல்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. வீதியை மேம்படுத்தலாம், விற்பனையை மேம்படுத்தலாம். உரிமையை என்ன செய்து மேம்படுத்துவது? ‘உறுதிப்படுத்தல்’ என்று எழுதியிருக்கலாம்.

தேத்தண்ணி இடைவேளையில் இதையெல்லாம் ஐயாவுக்கும் கொஞ்சம் சொன்னேன். ‘நாடுகள் ஒத்துழைத்துப் பொருளியல், சமூக வாழ்வு, பண்பாட்டு உரிமைகளை உறுதிப்படுத்தல்’ என்று என் கொப்பியில் எழுதியதையும் காட்டினேன். உறுதி என்ற சொல்லில் விரலை வைத்தார்.

“இது விளங்குது. ஆர் கையெழுத்து வெச்சது?”

“எங்கட அரசாங்கம்தான், ஐயா. 1980இல.”

“எண்பதிலயா?” என்றார். “எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”