கன்சோல் நாப்பில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்

காரின் கன்சோலில், அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் நடுவே உள்ள பேனலில், வால்யூமைக் கூட்டத் திருப்பினால் குறைகிறது. மெனுவில் ஒரு வரி நகர வேண்டிய இடத்தில் மூன்று வரி தாவுகிறது. உடனே என்ன நடக்கிறது? துருப்பிடித்த நட்டை இளக்க வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரேயைத் தேடி எடுத்து, அதன் மெல்லிய குழாயை நாப்பின் இடுக்கில் செருகி ஒரு அழுத்து. இரண்டு நாள் நாப் புதிது மாதிரி ஓடும். அப்புறம் முன்பைவிட மோசமாகும். மறுபடி ஒரு அழுத்து. கடைசியில் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது பேனலைக் கழற்றினால் கோளாறு கண்ணில் படுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்குதான் கையில் ஒட்டுகிறது. இது ஓயவே மாட்டேன் என்கிறது. ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஸ்ப்ரே இறுகிய நட்டுக்கு, கிறீச்சிடும் கீலுக்கு. நாப்பின் தண்டு வழியாக உள்ளே போனதும் அது முதலில் செய்வது, அங்கே கம்பெனியில் வைத்த கெட்டியான கிரீஸைக் கரைப்பது. நாப்பைத் திருப்பும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த அழுத்தமான நயம் கிரீஸால் வருவது. கரைந்துவிட்டால் நாப் லொடலொடவென்று ஆகிவிடும், திரும்ப வராது. கரைந்த கிரீஸ், தேய்ந்த உலோகத் தூள், வெளித் தூசி மூன்றும் எண்ணெயில் குழைந்து, உள்ளே தொட்டுத் தொட்டு மின்சாரம் கடத்தும் உலோகப் பகுதியான காண்டாக்ட் மேல் பசையாகப் படிகிறது. முதல் இரண்டு நாள் சரியாக ஓடியது, ஸ்ப்ரே அழுக்கைக் கொஞ்சம் இடம் மாற்றியதால். அழுக்கு வெளியே போகவில்லை, போக வழியும் இல்லை.

எண்ணெய் அங்கேயே நிற்பதும் இல்லை. வழிந்து பக்கத்து பட்டன்களுக்கு அடியில் உள்ள ரப்பர் பேடில் இறங்கும், அது உப்பும். பட்டனுக்கு வெளிச்சம் கொண்டு போகும் பிளாஸ்டிக்கில் படிந்து, இரவில் ஒரு பட்டன் மங்கலாகவும் அடுத்தது பளிச்சென்றும் தெரியும். கிளிப்பின் இழுவையில் ஏற்கெனவே விறைத்து நிற்கும் பாலிகார்பனேட், ஏபிஎஸ் பாகங்களில் சில கரைப்பான்கள் பட்டால் முடி போன்ற விரிசல் விடும். ஆப்டிகல் வகை நாப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்குள் காண்டாக்டே கிடையாது. துளையிட்ட ஒரு சக்கரமும், அகச்சிவப்பு எல்இடியும், எதிரே ஒரு சென்சாரும்தான். அந்தச் சக்கரத்தில் எண்ணெய்ப் படலம் படிந்தால் நன்றாக இருந்த நாப்பும் எண்ணத் தவறும்.

“அப்படியானால் காண்டாக்ட் கிளீனர் அடிக்கலாமே?” பொருள் சரி, இடம் தப்பு. பிளாஸ்டிக்குக்குப் பாதிப்பில்லை, படிவு விடாது என்று டப்பாவில் போட்டிருக்கும் கிளீனரை, சர்க்யூட் போர்டு வெளியே வந்த பிறகு, என்கோடரின் (நாப் சுழல்வதை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) பக்கவாட்டு இடுக்கில் ஒரு சிறு அழுத்து விட்டு, தண்டை இரு பக்கமும் இருபது முப்பது தடவை திருப்பி, நன்றாகக் காய விட்டால் பலன் உண்டு. காரில் மாட்டியபடியே மேலிருந்து அடித்தால் மேலே உள்ள அழுக்கைக் கீழே அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான். அந்த கிளீனர்களில் பல தீப்பிடிக்கக் கூடியவை. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது மூடிய கன்சோலுக்குள் அதைப் பீய்ச்சுவது விளையாட்டல்ல. முறையாகச் செய்தாலும், காண்டாக்ட் தேய்ந்திருந்தால் இது சில மாதத் தள்ளிப்போடல். மெக்கானிக்கல் என்கோடர்கள் பொதுவாக 15,000 முதல் 30,000 முழுச் சுற்றுவரை என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. தினமும் கை போகும் வால்யூம் நாப் அந்த எல்லையை ஒரு நாள் தொடத்தான் செய்யும்.

ஸ்ப்ரேயைத் தேடுவதற்கு முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். நாப் சொல்லிவிடும்.

நாப் சும்மா சுழல்கிறது, கிளிக்கே வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் கெடவில்லை. நாப்பின் அடியில் தண்டைப் பிடிக்கும் டி வடிவத் துளை விரிந்திருக்கும், அல்லது அதற்குள் இருக்கும் சின்னத் தகடு ஸ்பிரிங் கழன்றிருக்கும். கிளிக் வருகிறது ஆனால் திரையில் எதுவும் நகரவில்லை என்றால் இரண்டு சாத்தியம்: சிக்னல் போகவில்லை, அல்லது நாப்புக்கும் சென்சார் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தண்டு நீளவாக்கில் பிளந்துவிட்டது. மெனு நாப் பெரிதாக, உயரமாக இருக்கும் வண்டிகளில் இந்தப் பிளவு சகஜம். தாவுகிறது, எதிர்த்திசையில் போகிறது என்றால் காண்டாக்ட். என்கோடர் ஏ, பி என்று இரண்டு சிக்னல் தருகிறது. எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் போர்டு திசையைக் கணிக்கிறது. ஒன்று விட்டுவிட்டு வந்தால் போர்டு திசையையே தப்பாகப் படிக்கும்.

நாப்போடு சேர்ந்து அந்தப் பேனலின் எல்லா பட்டனும் ஒரே நேரத்தில் செத்தால், நாப்பைத் தொடாதீர்கள். ஃபியூஸ், எர்த், கனெக்டர், தகவல் லைன் என்ற வரிசையில் பாருங்கள்.

ஏசி நாப் தனிக் கதை. ப்ளோயர், அதாவது காற்றை ஊதும் விசிறி, 1, 2, 3-இல் ஓடவில்லை, 4-இல் மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் அது வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர், அல்லது அதிலுள்ள வெப்ப ஃபியூஸ். நாப் ஒரு பாவமும் செய்யவில்லை. இதற்காக மாற்றப்படும் சுவிட்சுகளுக்குக் கணக்கே இல்லை. சுவிட்சின் கனெக்டர் பழுப்பேறி உருகியிருந்தால் சுவிட்சை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பேரிங் இறுகிய ப்ளோயர் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்திருக்கலாம். மோட்டாரைப் பார்க்காமல் போட்ட புதுச் சுவிட்சும் அதே இடத்தில் உருகும். வெப்பநிலை நாப் கேபிளால் இயங்கும் வண்டிகளில் அது இறுகிப்போனால் இறுக்கம் கேபிளிலோ, ஹீட்டர் பெட்டியின் மடிப்புக் கதவிலோ இருக்கும். கொறடு வைத்துத் திருப்பினால் உடைவது நாப்பின் பின்னால் இருக்கும் பல் சக்கரம்.

துளை விரிந்த நாப்புக்கு சூப்பர் குளூ ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தண்ணீர் மாதிரி ஓடக்கூடியது. தண்டோடு இறங்கி என்கோடரின் புஷ்ஷைப் பூட்டிவிடும். அதன் ஆவி பட்ட சுற்றுப் பேனல் வெள்ளை பூத்துவிடும், அதைத் துடைத்து எடுப்பது சுலபமல்ல. நாப்பை முதலில் வெளியே இழுத்து எடுங்கள். விரிசலில் இரு பகுதி எபாக்ஸி மெல்லியதாகத் தடவி, துளையின் வெளிச்சுவரைச் சுற்றி ஒரு மெல்லிய பித்தளை வளையம் போட்டு, ஒரு நாள் காய விடுங்கள். வளையம் முக்கியம், விரிசலை மூடிப் பிடிப்பது அதுதான், பசை துணைக்கு. வளையம் போட இடமில்லையென்றால் சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் இரண்டு அடுக்கு. ஸ்பிரிங் தகடு காணோம் என்றால் கன்சோலுக்குள் தேடுங்கள், பெரும்பாலும் தண்டின் அடியிலேயே கிடக்கும்.

கன்சோலைத் திறப்பதற்கு முன் கை பிரேக் போடுங்கள், கியர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பேட்டரி இல்லாமல் லீவர் நகராது. சில வண்டிகளில் பேனல் வெளியே வர லீவர் பின்னால் இருந்தாக வேண்டும். அப்போது டயர்களுக்குக் கட்டை கொடுங்கள். ரேடியோவுக்குப் பூட்டு எண் (செக்யூரிட்டி கோட்) இருந்தால் எழுதி வையுங்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், கழற்றிய உடனே கை வைக்காதீர்கள். பல வண்டிகளில் ஏர்பேக் கம்ப்யூட்டர் கன்சோலுக்கு அடியில், தரைத் தகட்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். சர்வீஸ் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். கையேடு இல்லையென்றால் 10 நிமிடம். ஏர்பேக்குக்கான மஞ்சள் கனெக்டர் எதையும் பிரிக்க வேண்டாம், அதில் டெஸ்ட் லாம்ப் வைக்கவே வேண்டாம்.

பேனலை நெம்ப ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் நெம்புகோல், ஓரத்தில் மாஸ்கிங் டேப், கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெம்பல். வரவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி; ஆஷ்ட்ரே, ரப்பர் விரிப்பு, சின்ன மூடிகளுக்கு அடியில் பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் உடையும், வண்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள். பேனல் வந்ததும் அப்படியே இழுக்காமல் கையை உள்ளே விட்டு லாக்கை அழுத்திக் கனெக்டரைக் கழற்றுங்கள். ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில் தடித்த ஒற்றைக் கேபிள் இருந்தால் அது ஒளியிழையாக இருக்கலாம். அதை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறுக்கி மடித்தால் திரை, ஒலி எல்லாம் போகும்.

போர்டு கையில் வந்தபின் மல்டிமீட்டர். வழக்கமான ஐந்து கால் என்கோடரில் ஒரு பக்கம் மூன்று, நடுவில் இருப்பது பொது. எதிர்ப்பக்க இரண்டும் அழுத்தும் சுவிட்ச். நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே வைத்து மெதுவாகத் திருப்பினால் மூடுவதும் திறப்பதும் சுத்தமாகத் தெரிய வேண்டும். மூடும்போது பூஜ்யம் ஓமை ஒட்டி நிற்காமல் நூற்றுக்கணக்கான ஓமில் அலைந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள்.

மாற்று வாங்கும்போது அளவு மட்டும் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. பரவலாகக் கிடைக்கும் என்கோடர் வகையான இசி11 என்று கேட்டால் வெளியே ஒரே மாதிரி இருக்கும் பத்து வகை வரும். தண்டின் நீளம், டி வெட்டின் ஆழம், அழுத்தும் சுவிட்ச் உண்டா என்பது போக, ஒரு சுற்றுக்கு எத்தனை கிளிக், எத்தனை பல்ஸ் (மின்துடிப்பு) என்பது பழையதோடு பொருந்த வேண்டும். 20 கிளிக் 20 பல்ஸ் உள்ளது ஒரு வகை. 30 கிளிக் 15 பல்ஸ் இன்னொரு வகை. முதலாவது இருந்த இடத்தில் இரண்டாவதைப் போட்டால் இரண்டு கிளிக்குக்கு ஒரு படிதான் நகரும். இரண்டாவது இருந்த இடத்தில் முதலாவதைப் போட்டால் ஒரு கிளிக்குக்கு இரண்டு படி தாவும். “புதுசு போட்டும் சரியாகலை” என்ற புகாரில் இதையும் பாருங்கள்.

கழற்றும்போது பழைய என்கோடரை இழுக்கக் கூடாது. ஈயமில்லாத பழைய சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதன்மேல் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) ஈய சால்டரைக் கொஞ்சம் கலந்தால் சுலபமாக இளகும். அயர்ன் 350 டிகிரி, ஒரு காலில் மூன்று நொடி, உறிஞ்சிக் குழாயால் உறிஞ்சுதல். இரு பக்கமும் உள்ள பெரிய பிடிப்புக் கால்கள் எர்த் பரப்போடு இணைந்து சூட்டைக் குடிக்கும். அவற்றுக்கு அகன்ற முனை வேண்டும். வெட்டி எறியத் துணிவிருந்தால் என்கோடரையே துண்டாக்கிவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக எடுப்பது போர்டுக்குப் பாதுகாப்பு. துளையின் உள் உலோகப் பூச்சு பிய்ந்து வந்துவிட்டால் ஒரு சின்ன வேலை பெரிய வேலை ஆகிறது.

திருகும் கியர் நாப் உள்ள வண்டிகளில் மட்டும் இவை எதையும் முயல வேண்டாம். தயவுசெய்து. அங்கே ஒரு சிக்னல் தவறினால் வண்டி நகர்ந்துவிடலாம். முழு யூனிட்டாக மாற்றி, வண்டிக்குப் பொருத்தி, கோளாறுக் குறியீடுகளைப் படித்துப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். பழைய வண்டியிலிருந்து எடுத்த கன்ட்ரோல் யூனிட்டுகள் கோடிங் (வண்டிக்கு ஏற்ப மென்பொருளில் பதிவு செய்வது) இல்லாமல் பல வண்டிகளில் வேலையும் செய்யாது.

கடைசியாக, டீ, ஜூஸ், குளிர்பானம் கொட்டிவிட்டதென்றால் கொண்டு வரும்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொட்டிய உடனே வண்டியை அணைத்து, துணியால் ஒற்றி எடுத்து, பேட்டரியைக் கழற்றினால் போர்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். சர்க்கரை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கரையாது. போர்டை முதலில் காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாக்கி அதில் கழுவி, அதன் பிறகே ஆல்கஹாலால் நீரை விரட்ட வேண்டும். “ஒன்றும் கொட்டவில்லை” என்று சொன்னால் போர்டை நேராக ஆல்கஹாலில்தான் கழுவுவோம். பாகு அப்படியே இருக்கும், பட்டன் மறுபடி ஒட்டும், நீங்கள் மறுபடி வர வேண்டியிருக்கும்.