ஊக்கியை ஊக்கி என்றே எழுதுங்கள்

காபன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான காபன் நனோக் குழாய் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும், catalyst என்பதற்கு, அதாவது தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தைத் (reaction) தூண்டிவிடும் பொருளுக்கு, 'வினைவேக மாற்றி' என்ற சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு அது விளங்காது. அவர்கள் படிப்பது 'ஊக்கி'.

catalysis என்ற மூலச்சொல்லை 1835இல் ஆக்கியவர் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்சீலியஸ். கிரேக்க வேருக்குப் பொருள் கட்டவிழ்த்தல். ஊக்குதல் என்றால் தூண்டுதல், முன்னே உந்துதல். வள்ளுவர் 'ஊக்கமுடைமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். சொல்லின் பிறப்புக்கு இவ்வளவு போதும்.

'வினைவேக மாற்றி'க்காரர் சொல்லும் நியாயம், தாக்கத்தை மெதுவாக்கும் பொருளை எப்படி ஊக்கி என்பது என்பதே. அதற்குத்தான் நிரோதி என்று தனிச்சொல் இருக்கிறதே! அதோடு, எங்கள் பிள்ளைகளுக்கு வேகம் என்பது பௌதிகவியலில் திசையும் உள்ள கணியம். தாக்கத்துக்கு அவர்கள் சொல்வது வீதம். ஒரே சொல்லை இரண்டு பாடத்தில் இரண்டு பொருளில் படித்துக் குழம்ப வேண்டுமா?

நனோக் குழாயில் 'வினைவேக மாற்றி' என்ற சொல் அடியோடு பொருந்தவில்லை. மெதேன், அசற்றலீன் போன்ற வாயுவைப் பெரும்பாலும் 600 முதல் 1000 பாகை செல்சியசில் ஊக்கியாகிய இரும்பு, கோபாற்று, நிக்கல் துணிக்கைகளின் மேல் செலுத்துவார்கள். வாயு உடையும், காபன் உலோகத்தில் கரைந்து, நிரம்பியதும் குழாயாக வெளியே வளரும். துணிக்கை ஓரிரு நனோமீற்றர் என்றால் ஒற்றைச்சுவர்க் குழாய் வரும், பெரிதானால் பலசுவர். துணிக்கை தன் தாங்கியை, அதாவது தான் அமர்ந்திருக்கும் பரப்பை, இறுகப் பிடித்திருந்தால் குழாய் அடியிலிருந்து வளரும். பிடி தளர்ந்தாலோ, துணிக்கையை நுனியில் தூக்கிக்கொண்டே மேலே போகும். 1991இல் யப்பானிய விஞ்ஞானி இஜிமா, உலோகம் சேர்க்காத மின்வில்லில் (electric arc) கண்டது பலசுவர்க் குழாயை. 1993இல் இரும்பையோ கோபாற்றையோ சேர்த்த பிறகுதான் ஒற்றைச்சுவர் கிடைத்தது. இங்கே மாறியது வெறும் வேகமா? விளைபொருளே மாறிவிட்டது! 'ஊக்கி' தன்னை வேகத்தோடு கட்டிப்போடாததால் இதற்கும் இடம் கொடுக்கிறது.

'வினையூக்கி' என்றால்கூடப் பொறுக்கலாம். ஊக்கி அதனுள் இருக்கிறது. 'கிரியா ஊக்கி' வேண்டவே வேண்டாம். நல்ல தமிழ் வேருக்கு முன்னால் வடசொல்லை ஏன் ஒட்ட வேண்டும்? மொழிபெயர்ப்போர் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்கள் முதலில் அவர்களுடைய பாடநூலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.