டோக்கன் பெட்டியும் மாடிப்படி விளக்கும்

எங்கள் ஊரைச் சுற்றி முன்பு ரப்பர், இப்போது செம்பனை. போன மாதம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் எஞ்சினைப் படம் பிடிக்க, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் மூலையில் இருந்த சிவப்பு இரும்புப் பெட்டியைக் காட்டி, “சார், இது தபால் பெட்டியா?” என்றாள்.

இல்லை, டோக்கன் பெட்டி. அடுத்த ஸ்டேசன்வரை போகலாம் என்று ஓட்டுநர் கையில் கொடுக்கும் அடையாளம்தான் டோக்கன். மலேசியாவில் கிம்மாஸிலிருந்து தும்பாட் போகும் கிழக்குக்கரைப் பாதை 526 கிலோமீட்டர், ஒற்றைத் தடம். எதிரெதிராக இரண்டு ரயில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. 1874இல் இங்கிலாந்தின் நாரிச் அருகே, தந்திச் செய்தி குழம்பி அப்படித்தான் மோதின; இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த நான்கே ஆண்டில் எட்வர்ட் டையர் இதற்கொரு கருவி செய்தார்.

டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் ரயிலை எடுக்கக் கூடாது. சரி, தடத்தின் இரு முனையில் உள்ள ஸ்டேசன்களிலும் பெட்டி நிறைய டோக்கன் இருக்கிறதே, ஆளுக்கு ஒன்று எடுத்துவிட்டால்?

மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒன்று. எதைத் தட்டினாலும் எரிவது அணையும், அணைந்தது எரியும். கம்பியால் இணைந்த இந்த இரண்டு பெட்டிகளும் அப்படித்தான். டோக்கன் வெளியே வந்தாலும் உள்ளே போனாலும், அந்தப் பெட்டி மின்னோட்டத்தின் திசையை ஒரு முறை புரட்டிவிடும். இரு பெட்டியும் ஒத்துப்போனால்தான் பக்கத்து ஸ்டேசன் மாஸ்டர் அனுப்பும் மின்சாரம் பூட்டைத் தூக்கும். ஒன்றை உருவிய கணமே ஒத்துப்போகாது, இரண்டும் பூட்டிக்கொள்ளும். அதே டோக்கனை எந்தப் பக்கத்துப் பெட்டியில் போட்டாலும் மறுபடி திறக்கும். பெட்டிக்கு எண்ணத் தெரியாது. புரட்டியது ஒற்றைப்படை முறையா இரட்டைப்படை முறையா என்பது மட்டும் தெரியும். எனக்கு இதுவே போதும், எஞ்சினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!

அங்கே இதற்கு ஒரு விளக்கப் பலகைகூட இல்லை. அக்கால ஸ்டேசன் மாஸ்டர்களில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். தண்டவாளத்தில் கல் கொட்டியவர்கள் நம் ஆட்கள். ஜப்பான்காரன் காலத்தில் இந்தப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்து சயாம்-பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள், தோட்டத்து மக்களையும் சேர்த்து. பார்க்க வந்த பெரியவர்கள் கேட்டதோ, இங்கே பேய் நடமாட்டம் உண்டா என்று.

அந்தப் பெண் மட்டும் பெட்டியை விடவில்லை. “டோக்கன் ஆற்றில் விழுந்துவிட்டால்?”

பழுதுபார்ப்பவர் வந்து சரிசெய்யும்வரை இரண்டு பெட்டியும் பூட்டியபடியே நிற்கும் என்றேன். உடனே டோக்கன் நுழையும் துளையில் விரலை விட்டுப் பார்த்தாள்.