ஓடுகிற புரோகிராமையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு நின்றதிலிருந்து, சிங்கப்பூர் தேக்கா பக்கத்துக் கடைகளில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, நம்ம பழைய பில்லிங் புரோகிராம் புது மெஷின்ல ஓடுமா?"

ஓடாவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். கணினிகளில் விண்டோஸ் 11 64 பிட்டாகத்தான் வருகிறது. 16 பிட் காலத்துப் புரோகிராம் அதில் அசையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் புரோகிராம் என்றால், பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் முயன்று பார்க்கலாம். எனக்குப் பயம், சமர்த்தாக ஓடுகிற 32 பிட் புரோகிராம்களிடம்தான்.

ஒரு மளிகைக்கடை அண்ணனுக்கு விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் புரோகிராமைப் புது மெஷினில் ஏற்றிக் கொடுத்தேன். மூன்று மாதம் வம்பில்லை. ஒருநாள் பிரிண்டர் தகராறு. யாரோ சொன்னார்கள் என்று புரோகிராமின் பிராப்பர்ட்டீஸில் உள்ள கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்பதை டிக் செய்திருக்கிறார். திறந்தால், கடைசி பில் நான் ஏற்றிக் கொடுத்த நாளோடு நிற்கிறது. தினமும் தம்ப் டிரைவில் எடுத்த பேக்கப்பைப் பார்த்தோம். அத்தனை நகலிலும் அதே பழைய தேதி!

தப்பு என்னுடையது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே ஏற்றியிருந்தேன். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அங்கே சாதாரணப் புரோகிராம்கள் எழுத முடியாது. ஆனால் பழசுகள் படுத்துவிடக் கூடாதே என்று, அவை எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். பயனரின் ஆப்டேட்டாவுக்குள், லோக்கலில், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டர். ஆப்டேட்டா மறைந்தே இருக்கும் என்பதால் கண்ணில் படாது. அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் இந்தத் திருப்பல் கிடையாது. புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் அசல் ஃபைலைத்தான் அது திறக்கும். பேக்கப்பில் தினமும் போனதும் அந்த அசல் ஃபைல்தான். வேலையாள் வேறு பயனர் கணக்கில் நுழைந்தால் அவருக்குத் தனிப் பிரதி. ஒரே கடைக்கு இரண்டு கணக்கு!

டிக்கை எடுத்ததும் பில்கள் திரும்பி வந்தன. நடுவில் டிஸ்க் போயிருந்தால்? வருவாய் ஆணையம் ஐந்து வருடக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அந்தத் தம்ப் டிரைவை அவர்களிடம் நீட்ட முடியாது.

அப்புறம் சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே மறுபடி ஏற்றினேன். புரோகிராமை மூடிவிட்டு விர்ச்சுவல்ஸ்டோர் ஃபைல்களை அதற்குள் நகலெடுத்தேன், மூலத்தை அழிக்கவில்லை. ஒரு சோதனை பில் போட்டதும் ஃபைலின் நேரம் மாறியது. இப்போதெல்லாம் தம்ப் டிரைவில் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் ஷட்டரை இழுக்கிறார்.