கேஷை அழித்துவிட்டீர்கள், கணக்கிலிருந்து வெளியேறினீர்களா?

மே மாதக் கடைசி. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் முடியப்போகின்றன என்று பிரவுசிங் சென்டர் வாசல்களில் பெற்றோரும் பிள்ளைகளும் காத்துக்கிடந்த நேரம். அப்படிப்பட்ட ஒரு கடையின் கணினி என் மேசைக்கு வந்தது. "ஒரு பக்கம் திறப்பதற்குள் விடிந்துவிடுகிறது அண்ணா. இத்தனைக்கும் தினமும் ராத்திரி கடை சாத்துவதற்கு முன்னால் கேஷை அழித்துவிடுகிறேன்" என்றார் கடைக்காரத் தம்பி. கேஷ் என்று அவர் சொன்னது பணத்தை அல்ல; பார்த்த பக்கங்களின் படங்களையும் நிரல்களையும் பிரவுசர் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளும் சேமிப்பை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தினமும் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்று பக்கத்தில் உட்காரவைத்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினார். குரோம் பிரவுசரின் அழிக்கும் பெட்டி திறந்தது. கை பழகிய வேகத்தில் அழிக்கும் பொத்தானைத் தட்டினார். முடிந்தது. அந்தப் பெட்டியின் மேல்பகுதியில், எவ்வளவு காலத்துக்கு உரியதை அழிக்க வேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. 'கடைசி ஒரு மணி நேரம்' என்று அதில் இருந்தது. கடை திறப்பது காலை ஒன்பதுக்கு, அழிப்பது இரவு பத்துக்கு. ஒன்பதிலிருந்து ஒன்பது வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களின் சுவடு நாள்தோறும் அப்படியே சேர்ந்துகொண்டிருந்தது.

கேஷ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் விளக்குவதைவிடக் கையால் காட்டுவதுதான் வழக்கம். அவருக்கும் காட்டினேன். குரோம் தன் தற்காலிகக் கோப்புகளை வைத்திருக்கும் கோப்புறையைத் திறந்தால், எஃப் என்னும் எழுத்தில் தொடங்கி எண்களாக நீளும் பெயர்களில் நூற்றுக்கணக்கான கோப்புகள். படமா, எழுத்தா, எதுவும் வெளியே தெரியாது. அவற்றில் ஒன்றை நகலெடுத்து, பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மட்டும் சேர்த்துத் திறந்தேன். நீலப் பின்னணியில், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பையனின் பாஸ்போர்ட் அளவுப் படம். தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "இந்தப் பையன் போன வாரம் வந்தவன் அண்ணா!"

பிரவுசர் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு தளத்துக்கு முதல் முறை போகும்போது வந்திறங்கும் படங்களையும் நிரல்களையும் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவற்றை இணையத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டியதில்லை. பக்கம் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சமாகும். ஒழுங்காகக் கட்டப்பட்ட வங்கித் தளங்கள் தங்கள் பக்கங்களை அனுப்பும்போதே 'இதைச் சேமிக்காதே' என்று பிரவுசருக்குக் கட்டளை சேர்த்து அனுப்புகின்றன. எல்லாத் தளங்களும் அவ்வளவு கவனமாக இருப்பதில்லை. நமக்குச் சொந்தமான கணினியில் நமக்கு நன்மை செய்யும் ஏற்பாடு, பத்துப் பேர் உட்காரும் கணினியில் பத்துப் பேரையும் காட்டிக்கொடுக்கிறது.

ஆனாலும் என் அனுபவத்தில் கேஷைத் தோண்டிப் பார்த்துத் திருடுகிறவன் அபூர்வம். அவ்வளவு சிரமப்பட வேண்டிய தேவையே இல்லாதபடி, எடுத்துக்கொள் என்று நாமே திறந்து வைத்துவிட்டுப் போகிறோம். முதலில் டவுன்லோட்ஸ் கோப்புறை. கேஷையும், நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியையும் எத்தனை முறை அழித்தாலும் அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பும் குறையாது. பிரவுசர் அழிப்பது எதை இறக்கினோம் என்ற பட்டியலை மட்டுமே. அந்தக் கடையின் கணினியில் இ-ஆதார் பிடிஎஃப் கோப்புகள் மட்டும் திரை முழுக்க நிறைந்து, உருட்ட உருட்ட வந்துகொண்டிருந்தன. கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் இ-ஆதாரின் கடவுச்சொல் என்பது நாடறிந்த விஷயம். அந்த ஆதாருக்குப் பக்கத்திலேயே அதே பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கிடக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் அதில் இருக்கின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே திண்ணையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது இது.

2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்ற அதன் வாசகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. பரபரப்பெல்லாம் அந்த வாசகத்தைப் பற்றியே இருந்ததால் அதிலிருந்த இன்னொரு வரியை யாரும் கவனிக்கவில்லை. பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்குவதைத் தவிருங்கள், இறக்கினால் எல்லா நகல்களையும் அந்தக் கணினியிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிடுங்கள் என்பதே அந்த வரி. நிரந்தரமாக என்ற சொல் முக்கியம். வெறுமனே டெலீட் விசையை அழுத்தினால் கோப்பு 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் தேடினால் அதன் பிறகும் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் அடுத்து உட்காருகிறவர் கண்ணில் படாது.

கேஷுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அதை அலட்சியப்படுத்தவும் கூடாது. குக்கியை மட்டும் அழித்தால் போதும் என்று சொல்லும் தொழில்காரர்களும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு தளம் வேறொரு தளத்தின் படத்தை உங்கள் பிரவுசரிடம் கேட்டுவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்து பார்க்கலாம். சட்டென்று வந்தால் கேஷில் இருக்கிறது, அப்படியென்றால் நீங்கள் அந்த இன்னொரு தளத்துக்கு ஏற்கெனவே போயிருக்கிறீர்கள். இந்த ஓட்டையைத் தளத்துக்குத் தளம் கேஷைத் தனித்தனியாகப் பிரித்து அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. சஃபாரி 2013இல் அடைத்தது, குரோம் 2020இல், ஃபயர்ஃபாக்ஸ் 2021இல்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கேஷில் இருக்கும் கோப்பு பழையதாகிவிட்டதா என்று கேட்பதற்காக, தளம் ஒவ்வொரு கோப்பிலும் ஓர் அடையாளக் குறி ஒட்டி அனுப்பும். அடுத்த முறை பிரவுசர் அந்தக் குறியைத் திருப்பிச் சொல்லும். ஆளுக்கு ஒரு குறி என்று ஒட்டினால், அதுவே உங்களைத் தெரிந்துகொள்ளும் அடையாள அட்டையாகிவிடும். குக்கியை அழித்த பின்னும் இந்தக் குறியை வைத்து ஆட்களைப் பின்தொடர்ந்த தளங்கள் இருந்ததை 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அம்பலப்படுத்தியது. ஆகவே இரண்டையும் சேர்த்து, 'எல்லாக் காலமும்' என்று தேர்ந்து அழிப்பதே முறை. சேமித்த கடவுச்சொற்களும், படிவங்களில் தானாக நிரம்பும் விவரங்களும் பெரும்பாலும் இதோடு சேர்ந்து அழிவதில்லை. அவற்றை நாமே தனியாகத் தேர்ந்து அழிக்க வேண்டும்.

மூடியதும் சுவடுகளை அழித்துவிடும் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில் வேலை பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். பொதுக் கணினியில் உட்கார்ந்ததும் அதைத் திறப்பது நல்ல பழக்கம், சந்தேகமில்லை. ஆனால் மறைநிலையில் இறக்கிய கோப்பும் கணினியிலேயே தங்கும். அடுத்தது, பலரும் அறியாத ஒன்று: குரோமில் எத்தனை மறைநிலை ஜன்னல்கள் திறந்திருந்தாலும் அவை அனைத்தும் ஒரே அமர்வு. உங்கள் ஜன்னலை நீங்கள் மூடிவிட்டுக் கிளம்பினாலும், உங்களுக்கு முன்னால் வந்தவர் திறந்த மறைநிலை ஜன்னல் ஒன்று கீழே சுருங்கிக் கிடந்தால் உங்கள் மின்னஞ்சல் இன்னும் திறந்தே இருக்கும். கடைசி ஜன்னல் மூடப்படும்போதுதான் எல்லாம் அழியும். அதனால் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே ஜன்னலை மூடுங்கள்.

கடைக்கு வெளியே நடப்பதை மறைநிலை மறைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த இணைப்பிலிருந்து ஒரு தளத்துக்குப் போனது இணைய சேவை நிறுவனத்துக்கும் அந்தத் தளத்துக்கும் தெரியவே செய்யும். கடைக்காரருக்கும் கடமை உண்டு. எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் சொல்கின்றன. பிரவுசரில் அழிப்பது அந்தப் பதிவை அழிக்காது.

வீட்டில் நீங்கள் மட்டும் பயன்படுத்தும் கணினியில் தினமும் கேஷை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏதாவது தளம் கோணல்மாணலாகத் தெரிந்தால் அழியுங்கள், கணினியை விற்பதற்கு முன்னால் அழியுங்கள். கைப்பேசியில் கேஷைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் செயலிகளை நிறுவவே வேண்டாம் என்பது என் கருத்து. பிரவுசரின் அமைப்புகளிலேயே அந்த வசதி இருக்கும்போது, இன்னொரு செயலிக்கு எதற்காகக் கைப்பேசியைத் திறந்துவிட வேண்டும்?

அந்தக் கடைக் கணினியில் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து கேஷும் இல்லை, டவுன்லோட்ஸும் இல்லை. குரோமின் வலது மூலையில் ஒரு பெண்ணின் படம் வட்டமாகத் தெரிந்தது. யாரோ ஒரு மாணவி தன் மின்னஞ்சலைத் திறக்கும்போது, பிரவுசரிலேயே நுழைந்து, ஒத்திசைக்கலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தியிருக்கிறார். நான் அதற்கு மேல் எதையும் தொடவில்லை. தம்பியிடம் கேட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்றார். ஒரு மணி நேரத்தில் அம்மாவும் மகளும் வந்தார்கள்.

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவர் கையாலேயே கடவுச்சொற்கள் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் கைப்பேசியில் சேமித்திருந்த அத்தனையும் இந்தக் கணினிக்கு வந்திருந்தன. கல்லூரித் தளம், வங்கிக் கணக்கு, அப்பாவின் பி.எஃப். கணக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் சின்னம். அதை அழுத்தினால் விண்டோஸின் கடவுச்சொல்லை முதலில் கேட்கும். யார் வேண்டுமானாலும் உட்கார வசதியாக இருக்கட்டும் என்று கடைக்காரர் விண்டோஸுக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை. அதனால் எதுவும் கேட்காமல் எழுத்துகள் வரிசையாக விரிந்தன. அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவசரப்பட்டு அழிக்கும் பெட்டியைத் திறக்கப் போன மகளைத் தடுத்தேன். ஒத்திசைவில் இருக்கும்போது இங்கே கடவுச்சொற்களை அழித்தால் கைப்பேசியிலும் அழிந்துவிடும். முதலில் கணக்கை இந்தக் கணினியிலிருந்து நீக்கினோம், அவருடைய சுயவிவரத்தையும் சேர்த்து. பிறகு அவர் கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தோம். இந்தக் கணினியைத் தவிர இன்னொரு விண்டோஸ் கணினியும் அதில் இருந்தது. எங்கே என்று அவருக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்து, கல்லூரி நூலகமாக இருக்கலாம் என்றார். அங்கிருந்தும் வெளியேற்றினோம். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டோம். கடவுச்சொற்களை மாற்றும் வேலை வங்கியிலிருந்து தொடங்கியது, மாலை ஆறு மணி வரை நீண்டது.

கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது குரோமை விருந்தினர் நிலையில் மட்டும் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். அந்த நிலையில் ஜன்னல்களை மூடினால் குக்கி, கேஷ், வரலாறு எதுவும் மிஞ்சாது. டவுன்லோட்ஸ் கோப்புறை மட்டும் மிஞ்சும், அதனால் கணினியை அணைக்கும்போது அதைக் காலிசெய்ய ஒரு சிறிய நிரல் எழுதி வைத்தேன். விண்டோஸுக்குக் கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது, திரையின் ஓரத்தில் தம்பி ஒரு வெள்ளைத்தாளை ஒட்டியிருந்தார். 'வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இறக்கிய கோப்பை என் முன்னாலேயே அழித்துவிட்டுப் போங்கள்' என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதியிருந்தது.