பர்லியாரில் அடைக்கும் காதும் விமானத்தில் அழும் குழந்தையும்

ஊட்டியிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது, குன்னூர் தாண்டி பர்லியார் வருவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம், சத்தி, கோபி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயம். "எச்சில் முழுங்கு கண்ணு, செரியாப் போகும்" என்பார் அம்மா. முழுங்கினால் காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பஸ் எஞ்சினின் இரைச்சல் மறுபடி முழுதாகக் கேட்கும்.

கைக்குழந்தையோடு விமானத்தில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களில் பாதி அந்த 'டப்'புக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். மூத்தவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனோம். மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். விமானம் இறங்க ஆரம்பித்துச் சற்று நேரத்தில் வீரிட்டு எழுந்தவள், சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் அழுகையை நிறுத்தவில்லை. காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு ஜூன் மாதம், கோபி வீட்டைக் காலி செய்துவிட்டு மெல்போர்னுக்குக் குடிபோக வேண்டி வந்தது. மூத்தவளுக்கு மூன்று வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம், அங்கிருந்து மெல்போர்னுக்கு ஏழரை மணி நேரம். அப்படியென்றால் இரண்டு தடவை இறங்க வேண்டும். சாமான் கட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் காதைப் பற்றித்தான் படித்தேன்.

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. அதனால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறார்கள். ஆனால் கடல்மட்ட அளவுக்கு நிரப்புவதில்லை. அவ்வளவு அழுத்த வேறுபாட்டைத் தாங்க விமானத்தின் கூடு இன்னும் கனமாக இருக்க வேண்டிவரும். ஆகவே 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். நடுவானில் நாம் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஊட்டிக் காற்றில்தான். ஒரே வித்தியாசம், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பஸ் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. விமானத்துக்குள் அதே இறக்கம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இறங்கும்போது காதுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு டப்பா காட்டிவிடும். ஊட்டியில் சாப்பிட்டு முடித்து, காலி பிளாஸ்டிக் டப்பாவை இறுக மூடிப் பையில் போடுங்கள். மேட்டுப்பாளையத்தில் எடுத்துப் பார்த்தால் மூடி நடுவில் குழிந்திருக்கும், திறக்கவும் வராது. உள்ளே இருப்பது மெல்லிய மலைக்காற்று. வெளியே அதைவிட அடர்ந்த சமவெளிக் காற்று மூடியை அமுக்குகிறது. நம் நடுக்காது அந்த டப்பா, செவிப்பறை அந்த மூடி. மூடியைப் போல அல்லாமல், செவிப்பறை முழுக்க நரம்பு. உள்பக்கம் இழுபட்டால் வலி உயிர் போகும்.

நல்லவேளையாக இந்த டப்பாவுக்கு ஒரு பின்வாசல் உண்டு. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தோலோமியோ யூஸ்டாக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறோம். சாதாரணமாக அது மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசை இழுத்து, கண் சிமிட்டும் நேரம் திறக்கும். அந்த 'டப்' அதுதான்.

இந்தக் குழாய் ஒருவழிக் கதவு மாதிரி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம். விமானம் ஏறும்போது நடுக்காதுக் காற்று விரிந்து, தானே குழாயைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். இறங்கும்போதோ வெளியழுத்தம் குழாயின் மென்மையான வாயை இன்னும் அமுக்கி மூடுகிறது. தசை வேலை செய்தால்தான் திறக்கும். அழுத்த வேறுபாடு சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தொட்டுவிட்டால் தசை எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, பூட்டிக்கொள்ளும். ஆகவே வலி வந்த பிறகு தொடங்கினால் தாமதம்.

பெரியவர்களின் குழாய் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், நல்ல சரிவு. கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இருக்கும், குருத்தெலும்பும் இளசு. தசை இழுத்தாலும் பெரியவர்களுக்குத் திறப்பதுபோல் எளிதில் திறக்காது. போதாததற்கு, தூங்கும் குழந்தை விழுங்குவது மிகக் குறைவு. என் மூத்தவளுக்கு அன்று நடந்தது இதுதான். அவள் தூங்கத் தூங்க மூடி குழிந்துகொண்டே வந்திருக்கிறது.

கிளம்பும் முன் இதை அம்மாவிடம் சொன்னேன். "தூங்கற கொழந்தைய எளுப்பாத அம்மிணி" என்றார் முதலில். பர்லியாரை ஞாபகப்படுத்தியதும், "அட, அப்ப பால் குடுத்துட்டே எறங்கு" என்று அவரே வழி சொல்லிவிட்டார். குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் அதையேதான்.

தரையிறங்குவதற்கு சுமார் அரைமணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும், முன்சீட்டுத் திரையில் உயரக் கணக்கு குறையத் தொடங்கும். தெரியவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வந்து சொல்வார். சிங்கப்பூருக்கு முன் சின்னவனை அப்படித்தான் எழுப்பினேன். முகம் சுளித்தான், சிணுங்கினான். நிமிர்த்திப் பிடித்துத் தாய்ப்பால் கொடுத்தேன். கொஞ்சம் குடித்ததும் நிறுத்தி, மறுபடி கொடுத்து, அரைமணி நேரமும் வருமாறு இழுத்தடித்தேன். ஆரம்பத்திலேயே வயிறு முட்டக் கொடுத்துவிட்டால் கடைசி பத்து நிமிடத்துக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.

மூத்தவளுக்கு ஸ்ட்ராவில் தண்ணீர், நடுநடுவே வாழைப்பழம். நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கெட்டி மிட்டாயும் கடலையும் கொடுக்கக் கூடாது, புரையேறினால் ஆபத்து. (மெல்போர்னில் இறங்குமுன் பழத்தை முடித்துவிட வேண்டும், ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கொண்டுபோகும் விதிகள் கடுமை.) பால் புட்டி வைத்திருப்பவர்கள் ஏறும்போது ஒருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்கவும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து பாலைப் பீய்ச்சிவிடும். சளி பிடித்திருந்தால் குழாயின் வாய் வீங்கியிருக்கும், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தூங்க வைக்கிறேன் என்று சளி மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளை அது தூங்க வைப்பதற்குப் பதில் ஆட்டம் போட வைக்கும், சின்னஞ்சிறுசுகளுக்கு மூச்சையும் பாதிக்கலாம்.

நடுவானில் குழந்தை காரணமில்லாமல் முனகினால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தம் முக்கால்பங்காகக் குறைந்தால் வயிற்றிலிருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தால் போதும்.

காது விவகாரம் விமானத்தோடு முடிந்துவிடும். உடல் கடிகாரம் வீடு வரைக்கும் கூட வரும். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் என்ற கணக்கே கிடையாது. இரண்டு மூன்று மாதத்தில்தான் அது உருவாகத் தொடங்கும். எட்டு மாதக்காரனுக்கு அது வந்துவிட்டது. ஜூனில் மெல்போர்ன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை ஆகும்போதுதான் அவன் உடம்புக்கு கோபியின் ராத்திரி எட்டு மணி. அந்தக் கடிகாரத்தைத் திருகும் சாவி வெளிச்சம். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உடல் சூடு மிகக் குறைந்திருக்கும் விடிகாலை நேரத்துக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும், அதற்கு முன்பு பட்டால் பின்னால் இழுத்துவிடும். பெரியவர்களுக்கு அந்தப் புள்ளி விடிகாலை நாலு மணி வாக்கில். கோபியின் நாலு, மெல்போர்னின் எட்டரை. அதனால் முதல் இரண்டு நாள் ஒன்பது மணிக்கு மேல்தான் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன், அப்புறம் தினமும் கொஞ்சம் முன்னதாக.

முதல் ராத்திரி ஒரு மணிக்குச் சின்னவன் எழுந்து உட்கார்ந்து கை தட்டினான். கோபியில் அப்போது எட்டரை. வீடியோவில் கூப்பிட்டோம். அம்மாயியும் அப்புச்சியும், அதாவது என் அம்மாவும் அப்பாவும், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தார்கள். ஐந்தாம் நாள் அதே நேரத்துக்கு அவர்கள் கூப்பிட்டபோது அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான்.