இதழின் எண் உங்கள் கட்டுரைக்கான மார்க் அல்ல

போன வாரமும் ஒரு மாணவி வந்தார். கேத்திப் பக்கத் தோட்டங்களில் மண் எடுத்து, உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழுவை ஆய்வு செய்கிறவர். "சார், இம்பாக்ட் ஃபேக்டர் ஏழுக்கு மேல போட்டிருக்காங்க, வெளியிடப் பணமும் கட்டிட்டேன்" என்று ஃபோனை நீட்டினார். கட்டுரையை அனுப்பிய சில நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக மெயில். திருத்தச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணை ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் தேடினால் அப்படி ஓர் ஆய்விதழே கிடையாது. ஊட்டியில் கல்லூரி நூலகராக இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் "நம்பர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு விரட்டுகிறவர்கள் மேல்தான்.

இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது. கட்டுரைக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதன் சராசரி, அவ்வளவுதான். மேற்கோள் பட்டியல்களைத் தொகுத்த யூஜின் கார்ஃபீல்ட் அதைக் கொண்டுவந்தது இதழ்களைத் தேர்ந்தெடுக்க. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க எங்களுக்கு இன்றும் உதவுகிறது. அதைக் கொண்டு பதவி உயர்வு கொடுப்பதுதான் தவறு.

சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழைப் பாருங்கள். 2008-இல் அதன் எண் 2-ஐ ஒட்டி இருந்தது. 2009-இல் 49.9! காரணம், 2008-இல் அதில் வந்த ஒரே ஒரு கட்டுரை. படிகவியலில் எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைப் பற்றியது. பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் வந்த கட்டுரையின் தரமும் இருபது மடங்கு கூடிவிட்டதா? இல்லையே. அப்புறம் எப்படி இதழின் எண்ணைக் கட்டுரைக்கு மார்க்காகப் போடுகிறீர்கள்?

2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச்-இண்டெக்ஸும் அப்படித்தான். அது ஆளுக்கான எண்: பத்து என்றால், அவருடைய பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். வயதோடு ஏறும், துறைக்குத் துறை மாறும், மேற்கோள்களை எண்ணும் தளங்களில் ஸ்கோபஸ் ஒன்று காட்டும், கூகுள் ஸ்காலர் வேறு காட்டும்.

பெரிய எண் உள்ள இதழில் வந்தால்தான் நல்ல ஆய்வு என்பதும் இல்லை. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்ட வானியலாளர் எவர்ஷெட், அதை அந்த வானாய்வகத்தின் சொந்த புல்லட்டினில் எழுதினார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நீலகிரியில் அந்த மாணவி ஆராயும் உருளைக்கிழங்கு நூற்புழு 1961-இல் கண்டறியப்பட்டது. அதைக் கட்டுப்படுத்த இங்குள்ள விவசாயிக்குத் தமிழில் ஒரு நல்ல கையேடு எழுதினால், எந்த மேற்கோள் பட்டியலிலும் அது ஏறாது. ஏறாததாலேயே யாரும் எழுத முன்வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இதழின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று, ஆய்வை மதிப்பிடுவது பற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-லேயே சொல்லிவிட்டது. எண்கள் வல்லுநரின் தீர்ப்புக்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றது அதே பொருள் பற்றிய 2015-இன் லைடன் அறிக்கை. தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்களே, இந்த எண்களைக் கூட்டிப் பார்க்கும் கணக்கை நிறுத்துங்கள். விண்ணப்பிக்கிறவர் சிறந்ததாகத் தானே கருதும் மூன்று நான்கு கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி, படியுங்கள்.

மாணவர்களே, இதழின் முகப்பில் இம்பாக்ட் ஃபேக்டருக்கு முன்னால் "குளோபல்" என்று ஒட்டி ஓர் எண்ணைப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பது தரச் சான்று அல்ல, அது இதழுக்கான வெறும் அடையாள எண். ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இனி இதழைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு, உங்கள் கைடின் பொறுப்பு. தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நூலகரிடம் இதழின் பெயரைச் சொல்லுங்கள். கூடலூரிலிருந்து இதற்காகப் பஸ் ஏறி வர வேண்டாம், ஒரு ஃபோன் போதும்.